முனியாண்டி காணும் தண்ணீர்க் குழுவும்

1. பெயர் வாசித்த நாள்

பெடாஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டக் கோயில் மண்டபத்தில் நான் பட்டியலை வாசித்தேன். முதல் பெயருக்குப் பதில் இல்லை. இரண்டாவது பெயருக்கு, "அப்பா தவறிட்டாரு சார்" என்றார் ஒருவர். மூன்றாவதுக்கு ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மீட்டிங்குக்கு வந்தேனா, கருமாதிக்கு வந்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் வடிகால் இலாகாவில் டெக்னிசியன். கம்பெனி அந்தத் தோட்டத்தை விற்றபோது வேலை செய்த ஆட்களே ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி எண்ணெய்க்கான செம்பனை போட்டார்கள். நிலம் பிரிந்தது, தண்ணீர் பிரியவில்லை. மழைத் தண்ணீர் வடியும் காண்கள், அதாவது வாய்க்கால்கள், எல்லாம் கடைசியில் ஒரே மதகு வழியாகத்தான் ஆற்றுக்குப் போகும். ஆறு ஏறினால் மதகைச் சாத்த வேண்டும், இறங்கினால் திறக்க வேண்டும். முன்பு தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி ஆள் அனுப்புவார். இப்போது அதிகாரம் யாருக்கும் இல்லை. மேட்டு நிலத்துக்காரர்கள் தங்கள் தண்ணீர் வடிந்தால் போதும் என்று திறந்துவிடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து ஏறி, பள்ளத்தில் இருந்த லெட்சுமி அக்காவின் இரண்டு ஏக்கரில் நின்றுவிடும். மரங்களின் வேர் அழுக ஆரம்பித்திருந்தது. அவருக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

நிலச் சொந்தக்காரர்களே குழு அமைத்தால் மதகை அவர்களிடம் ஒப்படைக்கலாம் என்று இலாகா சொன்னது. மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். நான் கிராண்டில், அதாவது நிலப் பத்திரத்தில், இருந்த பெயர்களை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தேன். இருபத்திரண்டு பேரில் பதின்மூன்று பேர் உயிரோடு இல்லை.

"முனியாண்டி" என்று வாசித்தேன். லெட்சுமி அக்கா எழுந்தார்.

"அது எங்க வீட்டுக்காரரு. போயிட்டாரு. நான் வந்திருக்கேன் லா."

"இன்னும் பேர மாத்தலையாக்கா?"

"மாத்துனா அவரு இல்லேன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும் சார்."

மண்டபமே தலையாட்டியது. எல்லோர் வீட்டிலும் அதே கதைதான்.

2. கவுண்டரில்

"செத்தவங்க ஓட்டுப் போட முடியாது லா. பேர மாத்தச் சொல்லு" என்றார் என் அதிகாரி. சட்டப்படி சரிதான். நானும் சட்டப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். காப்பி கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை.

அடுத்த மழையில் அக்காவின் நிலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இன்னொரு தடவை இப்படி நின்றால் மரம் தாங்காது. மறுவாரம் அவரே நில அலுவலகத்துக்கு வந்தார். நானும் கூடப் போனேன். பெயர் மாற்ற விண்ணப்பப் பாரத்தை வாசித்துக் காட்டச் சொன்னார்.

"லெட்சுமி, ராமன் மகள்" என்று வாசித்தேன்.

"எங்கப்பா பேரு இருக்கு. அவரு பேரு எங்க?"

"இங்க பொம்பளைங்க பேருக்குப் பின்னாடி அப்பா பேருதான்க்கா வரும்."

"அப்போ அவரு பேரு எங்கயுமே இருக்காதா சார்?"

கையெழுத்தில்லாத பாரத்தை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று அலுவலகம் திரும்பியதும் குழுவுக்காக நான் வரைந்த பிளானை எடுத்தேன். காண்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தேன். அக்காவின் நிலத்தை ஒட்டிய ஏழாம் எண்ணை அழித்துவிட்டு 'முனியாண்டி காண்' என்று எழுதினேன். மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பாரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

செய்தி பரவியது. "எங்கப்பாவுக்கும் ஒரு காண் குடுங்க சார்" என்று ஒவ்வொருவராக வந்தார்கள். பதின்மூன்று பேரையும் சின்னச் சின்னக் கிளைக் காண்களில் கூட ஏற்றிவிட்டேன். பெயர் மாற்ற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனால் குழு அமைந்தது. பள்ளத்தில் இருப்பவருக்குத்தான் தண்ணீர் முதலில் தெரியும் என்று மதகுச் சாவியை அக்காவிடமே கொடுத்தார்கள்.

3. குரல் பதிவு

இளைய டெக்னிசியன்களுக்கு ஒன்று சொல்வேன். தண்ணீருக்கு எண் போதும், ஆட்களுக்குப் போதாது. அவர்கள் ஏன் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள் என்று கேட்காமல் பாரத்தை நீட்டாதீர்கள்.

நானும் ஒன்றை யோசிக்காமல்தான் விட்டிருந்தேன். அக்கா அந்தக் காலத்து மனுஷி. புருஷன் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. சாவிக்காரரோ எந்தக் காண் நிறைந்தது என்று பெயர் சொல்லித்தான் அறிவிக்க வேண்டும். முதல் பெரிய மழையில் குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது. நான் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் அந்தப் பதிவை அழிக்கவில்லை.

"ஆறு ஏறுது. காளிமுத்து காண் நெறஞ்சிருச்சு. வேலு காண் நெறஞ்சிருச்சு." கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. "அவரும் நெறஞ்சிட்டாரு. மதகச் சாத்திட்டேன்."