வெட்டும் வெடியும்

காலை ஆறரை மணி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த மகனின் வலது அடிவயிற்றில் டாக்டர் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். குடலிறக்கத்துக்கான சிறிய ஒப்பரேசன்.

"சில பிள்ளைகளுக்குப் புண்ணில கிருமி தொத்தும். சிலருக்கு வீக்கம் திரும்ப வரும்," என்றார்.

எனக்குக் கிருமி தொற்றியது. ஒன்பது வயதில் அதே இடத்தில் தையல் போட்டு, கல்லடி வீட்டுக்கு வந்த சில நாட்களில் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். தையல் பிரிந்து சேற்றுத் தண்ணீர் புகுந்தது. முகாமில் சீழ் பிடித்து ஆறிய புண், விரலளவு தடித்த தழும்பானது.

யுத்தம் முடிந்த வருடம், எனக்குப் பதினான்கு வயது. நானும் அம்மாவும் செங்கலடிக்குப் போன பஸ்ஸை ஆமிக்காரர் மறித்து ஆண்களை இறக்கினார்கள். உடம்பில் தழும்பிருந்தால் சண்டைக்குப் போனவன் என்று சந்தேகம். சட்டையைத் தூக்கிப் பார்த்த சிப்பாய் என்னைத் தனியே நிறுத்தினான். பஸ்ஸிலிருந்து அம்மா ஓடிவந்தார்.

"மாத்தையா, அது வெட்டினது. வெட்டு."

"வெடி?" என்றான். சிங்களத்திலும் வெடி என்றால் துப்பாக்கிச் சூடுதான்.

"ஓம், ஓம், வெட்டு," என்று, அவன் வெட்டைத்தான் அப்படிச் சொல்கிறான் என நினைத்து அம்மா தலையாட்டினார்.

சிப்பாய் என் கையைப் பிடித்தான். கொண்டக்டர் இறங்கி வந்தார்.

"என்னக்கா, பிள்ளைய நீங்களே புடிச்சிக் குடுக்கிறீங்க? கொஞ்சம் பேசாம இருங்க."

தழும்பின் இருபுறமும் இருந்த தையல் புள்ளிகளைக் காட்டிச் சிங்களத்தில் விளக்கினார். சிப்பாய் கையை விட்டான்.

என்னோடு நிறுத்தப்பட்டிருந்த இன்னொரு பையனுக்குத் தழும்பு தொடையில் இருந்தது; அதில் தையல் புள்ளிகள் இல்லை. பஸ் அவன் இல்லாமல் புறப்பட்டது.