ஐஸ்பெட்டியில் ஆறு இதயங்கள்

போன புதன்கிழமை, கண்டிக்குள் நுழையும் சோதனைச்சாவடியில் எங்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். தமிழன்... கையில் ஒரு ஐஸ்பெட்டி. இந்த யுத்த காலத்தில் சந்தேகப்பட வேறென்ன வேண்டும்?

"மேகே மொனவாத?" உள்ளே என்ன என்கிறார் ஆமிக்காரர்.

எனக்கு வீட்டிலேயே பேச்சு வராது. பெட்டியைத் திறந்து காட்டினேன். ஆறு பன்றி இதயங்கள். அவர் முகம் போன போக்கு!

பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் உதவியாள். படிப்பு அஞ்சாம் வகுப்பு. இதய வால்வில் சின்னத் துண்டு வெட்டி, மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. பன்றியினுடையது உண்டு, அதை இறைச்சிக்கடையில் நான்தான் வாங்கிப் போவேன்; இறந்த மனிதருடையதும் உண்டு. இரண்டும் முதலில் லேசாக நீளும். ஓர் அளவைத் தாண்டினால் விறைத்துக்கொள்ளும். மனிதருடையது வயதாக வயதாக விறைப்புக் கூடும் — ஆளைப் போலவே.

என் மனைவி சரசுவுக்கு இந்த வேலையே ஆகாது. மடுல்கெல்லவில் எங்கள் வீட்டுக் குழாயடியில் தினமும் துவாய் தொங்கும். குளித்தால்தான் உள்ளே போகலாம்.

அந்தச் சரசுவுக்குத்தான் வால்வு கெட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உலோக வால்வு போட்டால் ஆயுள் முழுக்கக் குளிசை விழுங்க வேண்டும், அடிக்கடி இரத்தப் பரிசோதனை. ஊரடங்கு போட்டால் எப்படிப் போவது? பன்றி வால்வில் அந்தத் தொல்லை குறைவு. சில வருஷத்தில் மாற்ற வேண்டி வரலாம், அவ்வளவுதான்.

"பன்றியா? எனக்கா? செத்தாலும் வேணாம்" என்றாள்.

அந்தப் புதன்கிழமைதான் டாக்டருக்குக் கடைசிப் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவளும் என்னோடு வந்தாள். பஸ்ஸில் மெதுவாக வாயைத் திறந்தேன். "பதினோரு வருஷமா இழுத்துப் பாக்குறேன் சரசு. லேசுல விட்டுக்கொடுக்கிற சாமான் இல்ல." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது ஆமிக்காரர், "இது என்னத்துக்கு?" என்று சிங்களத்தில் கேட்கிறார். நான் சட்டைப்பையில் ஆய்வுகூட அட்டையைத் தேடுகிறேன்.

சரசு முன்னால் வந்தாள். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்: "ஆராய்ச்சிக்கு, மாத்தயா. இது மாதிரி ஒண்ணுதான் எனக்கு வைக்கப் போறாங்க. சுருக்கா விடுங்க, டாக்டர் போயிருவாரு."

அவர் பெட்டியைத் தானே மூடி, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

"அப்ப... சரின்னுட்டியா?" என்றேன்.

"உங்ககிட்டயா சொன்னேன்? அவருகிட்ட சொன்னேன்."

டாக்டர் கேட்டும் நான் கெஞ்சியும் வராத பதில், ஆமிக்காரர் தோளில் தொங்கிய துவக்குக்கு முன்னால் வந்தது. மனசு எந்த இடத்தில் இளகும் என்று காட்ட எந்த மெஷின் இருக்கிறது?

ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. பயம்தான். ஆனாலும் நேற்று வீட்டுக்குப் போனால், குழாயடியில் துவாயைக் காணோம். வாசலிலேயே நின்றேன்.

"என்ன நிக்கிறீங்க? கைய மட்டும் கழுவிட்டு உள்ள வாங்க!"