வரிசையில் ஆள் இருக்கும்வரை

பிச்சையம்மாளை வாசல் வேலைக்குத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம்தான் இருந்தது. அவளுக்கு அந்தத் தோட்டத்தில் சொந்தம் என்று யாரும் இல்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்து நான்காவது வருஷம். லூனாஸ் டவுனுக்கு வெளியே இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முட்கம்பி வேலி எழுந்திருந்தது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது என்பது உத்தரவு. பால் வெட்டப் போகும் ஆண்களைப் போலீஸ்காரர்கள் சோதித்தார்கள். பெண்களைத் தொட்டுச் சோதிக்க ஒரு பெண் வேண்டியிருந்தது.

"அண்ணன் பொண்டாட்டி, நாத்தனார்னு யாராவது இருந்தா கை தளர்ந்து போயிடும்," என்றார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி குழந்தைவேலு. "உனக்கு அந்தத் தொல்லை இல்ல பாரு."

உண்மைதான். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போன புருஷன் ராமையா திரும்பவில்லை. பிள்ளைகளும் இல்லை. கடைசி லயத்துக் கடைசி வீட்டில் அவள் மட்டும் இருந்தாள்.

கிராணி ஏழு தாள் எழுதிக்கொண்டு வந்தார். பெண்கள் அறுபத்து மூன்று பேர். ஒவ்வொருத்தி பெயரையும் போட்டு, அடையாளக் கார்டைப் பார், வாளியைப் பார், பையைப் பார், கொண்டையைப் பார், மடியைப் பார் என்று வரிசையாக எழுதியிருந்தார். இரண்டாம் வகுப்புவரை படித்த பிச்சையம்மாள் முதல் நாள் எழுத்துக் கூட்டி வாசித்தே திணறிப் போனாள். இரண்டு பேர் காய்ச்சலில் வரவில்லை; லூனாஸிலிருந்து புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். தாளும் வரிசையும் ஒத்துப் போகவே இல்லை.

அன்று மத்தியானம் ஆபீசுக்குப் போய் நின்றாள்.

"ஐயா, ஆள்தான் வேற வேற. வேலை எல்லாருக்கும் அதே அஞ்சுதானே? அந்த அஞ்சை ஒரு தடவை எழுதுங்க. அதுக்குக் கீழே, வரிசையில ஆள் இருக்கிற வரைக்கும் திரும்ப முதல்லேருந்து செய்னு போடுங்க. யார் வந்தா என்ன, வராட்டி என்ன?"

கிராணி உடனே ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஏழு தாள் ஆறு வரியானது. பக்கத்துத் தோட்டங்களின் வாசல்களுக்கும் அதையே தட்டச்சு செய்து அனுப்பினார். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனபோது உள்ளுக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. சொல்லிக்கொள்ள ஆள்தான் இல்லை.

முதல் வாரம் பெண்கள் கேலி பேசினார்கள். பிறகு பேசுவதையே விட்டார்கள். ஆறு வருஷமாகப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டிய இராசாத்திகூட, தலைமுடிக்குள் பிச்சையம்மாளின் விரல்கள் நுழையும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். கார்டு, வாளி, பை, கொண்டை, மடி. நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் அவ்வளவுதான். வரிசை முடிந்ததும் வாசல் காவலில் இருந்த மலாய்க்கார கார்ப்பரல் மாட், "ஹபிஸ்?" என்று கேட்பார். முடிந்தது என்று அவளும் "ஹபிஸ்" என்பாள். ஒரு மனுஷன் அவளிடம் பேசியது அந்த ஒரு சொல்தான். எட்டு மாதம் இப்படிப் போயிற்று.

பிறகு மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்தது. கிராணி தாளை வாங்கி, ஐந்தாவது வரிக்குக் கீழே பேனாவால் இன்னொரு வரி சேர்த்தார். வாசலோரம் புதிதாக அடித்த தகர மறைப்புக்குள் ஒவ்வொருத்தியையும் கூட்டிப் போய்ச் சேலையை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

பிச்சையம்மாள் அந்த வரியை இரண்டு முறை வாசித்தாள். பழைய ஏழு தாளாக இருந்திருந்தால் அறுபத்து மூன்று பெயருக்கும் இதைத் தனித்தனியாக எழுத வேண்டும். பதினைந்து பெயர் தாண்டுவதற்குள் கிராணிக்கே கை கூசியிருக்கும். இப்போது ஒரே ஒரு வரி. அதுவே எல்லார் மேலும், தினமும் வந்து விழும். அந்தச் சுருக்கு வழியைச் சொல்லிக் கொடுத்தது அவள்தான்.

திங்கட்கிழமை விடியற்காலையில் வரிசையின் முதல் ஆள் இராசாத்தி. தகர மறைப்புக்குள் வந்து கொசுவத்தில் கை வைத்தாள். பிச்சையம்மாள் அவளுக்கு முதுகைக் காட்டித் தகரத்தைப் பார்த்து நின்றாள்.

"பாத்தாச்சு. போ."

"என்ன?"

"பாத்தாச்சுங்கிறேன். போலாம்."

இராசாத்தி வெளியே போனாள். பத்தடி நடந்து நின்றாள். "பால் வெட்டுற கத்திய மறந்துட்டேன்," என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு வேலியின் சின்னக் கதவு வழியாக உள்ளே வந்து, வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். அடுத்தவள் கத்தி தீட்டும் கல்லை மறந்தாள். புஷ்பவள்ளி தலைத்துணியை மறந்தாள். உள்ளே திரும்பி வந்தவர்களை மறுபடி சோதிக்க வேண்டும் என்பது சட்டம். வரிசை முன்னால் கரைந்து பின்னால் வளர்ந்தது.

பால் வெட்டும் நேரம் போகட்டும் என்றுதான் சுற்றி வருகிறார்கள் என்பது இரண்டாம் சுற்றிலேயே பிச்சையம்மாளுக்குப் புரிந்துவிட்டது. கார்ப்பரலிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நின்றுவிடும். அவள் சொல்லவில்லை.

மூன்றாம் சுற்றில் புஷ்பவள்ளி தானே கொண்டையை அவிழ்த்து, "பேன் இருந்தா எடுத்து விடுங்கக்கா," என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இராசாத்தி வந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"பசியாறினீங்களாக்கா?"

"இன்னும் இல்ல."

"கை வலிக்கலையா?"

"இல்ல இராசாத்தி. வலிக்கல."

தோள் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. ஆனால் அந்த வரிசை முடியக்கூடாது என்று இருந்தது அவளுக்கு.

எட்டு மணிக்கு வெயில் ஏறிவிட்டது. இனி மரத்தில் பால் இறங்காது. தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஒரே ஆள் மூணு தடவை வருது. உனக்குத் தெரியலை?"

"தெரிஞ்சுது தொரை. வரிசையில ஆள் இருக்கிற வரைக்கும் செய்னு தாள்ல இருக்கு. ஆளுக்கு ஒரு தடவைன்னு இல்ல."

கிராணி தாளை வாசித்துக் காட்டினார். அவள் சொன்னது சரிதான். மறுநாளும் வரிசை சுற்றியது. புதன்கிழமை தொரையே சேலையை அவிழ்க்கச் சொன்ன அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டார். சோதனை முடிந்த வாளியில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், கோடு உள்ள வாளி மறுபடி வரிசையில் நிற்கக்கூடாது என்று கிராணி சேர்த்து எழுதினார். அதிலிருந்து கார்ப்பரலும் வாசலுக்குள் வந்து, அவள் பக்கத்திலேயே நின்றார்.

வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை இரண்டு நாளும் பெண்கள் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். சனிக்கிழமை செல்லாயி என்ற பெண்ணின் கொண்டையை அவிழ்த்தபோது ஒரு பிடி அரிசி பொலபொலவென்று தரையில் கொட்டியது.

"மரத்தடியில மென்னு திங்கத்தான் எடுத்தேன்," என்றாள் செல்லாயி. கார்ப்பரல் பார்த்துவிட்டார். அவளை லாரியில் ஏற்றினார்கள். பிச்சையம்மாளுக்கு விரல்களை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். அடுத்தவள் கார்டை நீட்டினாள்.

செல்லாயிக்கு ஆறு மாதச் சிறை. அதற்குப் பிறகு அந்த லயத்தில் பிச்சையம்மாளிடம் யாரும் பேசவில்லை. கண்டபடி திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருத்தியும் திட்டவில்லை.

அவசரகாலம் முடிந்து வேலியைப் பிரித்த வருஷம் அவள் ஒரு தகரப் பெட்டியோடு லூனாஸ் டவுனுக்கு நடந்தாள். முகம்மது ஹனீபா சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் மசாலா அரைக்கும் வேலை கிடைத்தது. முதலாளி நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார்.

நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள் இராசாத்தி கூலிம் பஸ்சுக்குக் காத்திருந்தவள், தேத்தண்ணி குடிக்க உள்ளே வந்தாள். பிச்சையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஜித்ரா பக்கம் கொடுத்திருக்கிறது என்றாள் இராசாத்தி. மாப்பிள்ளை ரோட்டு வேலை. மழை இந்த வருஷம் அதிகம். செல்லாயியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

"நீங்க எப்படி இருக்கீங்கக்கா?"

"இருக்கேன்."

பஸ் வந்தது. இராசாத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பிச்சையம்மாள் அவள் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அம்மியில் மிளகாய் பாதி அரைத்தபடி கிடந்தது.