ரெஜ் கவிழ்த்து வைத்த கோப்பை

ஷெஃபீல்டு நகரத்து மருத்துவர்கள் எல்லோரும் சேர்ந்து தேற்றிவிட்டவர்களைவிட எங்கள் பண்ணை ஆடு மாட்டில்டா தேற்றியவர்கள் அதிகம். மூன்று தெரு தள்ளி கெட்டில் கொதித்தாலும் அவளுக்குக் கேட்கும். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரியின் மழைக்கோட்டைப் பொத்தானோடு தின்றுவிட்டு ஏப்பம் விட்டாள். சரி, முழுக்கோட்டு இல்லை, ஒரு கைதான். மருத்துவர்களையும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் ரெஜ் ஆலர்டன் விஷயத்தில் அந்த ஆட்டுக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ரெஜ் இரவுப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். மனைவி ஜாய்ஸ் போய்ச் சேர்ந்த வருடம், ஒரு விடியற்காலையில் பேருந்தை நிறுத்தத்தில் நிறுத்தினார், கதவைத் திறந்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் ஏறினார்கள், காத்திருந்தார்கள், திட்டினார்கள், இறங்கி நடந்தார்கள். அவருடைய கைகள் ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. அதற்கப்புறம் வேலையும் இல்லை, தூக்கமும் இல்லை. வீட்டில் ஜாய்ஸின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்ப்பார். காலுறை மாட்டுவதற்குள் அரை நாள் போய்விடும். டாக்டர்தான் அவரை எங்கள் பண்ணைக்கு அனுப்பினார்; மனம் நொந்தவர்கள் ஆடு பார்த்து, மண் கொத்தித் தேறும் இடம் அது.

பண்ணையில் யாரும் யாரையும் ‘எப்படி இருக்கே’ என்று கேட்பதில்லை. கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்ற பொய்தான் வரும். அதற்குப் பதிலாகக் கோப்பை. ஆளுக்கு ஒன்று உண்டு. காலையில் வந்ததும் அதைக் கொட்டகைப் பலகையில் நிமிர்த்தி வைத்தால் தேநீர் ஊற்றலாம், பேச்சுக் கொடுக்கலாம். கவிழ்த்து வைத்தால் இன்றைக்கு முடியவில்லை என்று அர்த்தம். அவரை விட்டுவிட வேண்டும்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பெர்னி அந்தப் பலகையைக் கவனித்துக்கொண்டே இருப்பாள். ஒருவர் கோப்பை வாரக்கணக்கில் நிமிர்ந்தே இருந்தால், அவர் தேறிவிட்டார் என்று வழியனுப்பி, அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவாள். வரிசையில் அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

கோடை முடிவதற்குள் ரெஜுக்கு லேசாகத் தூக்கம் வர ஆரம்பித்திருந்தது. ஆட்டுப் புழுக்கை அள்ளினார், வைக்கோல் மாற்றினார், ஒருநாள் தன்னை அறியாமல் விசிலடித்தார். சட்டென்று நிறுத்தி, பெர்னி பக்கத்தில் இருக்கிறாளா என்று சுற்றிப் பார்த்தார். இங்கிருந்து அனுப்பிவிட்டால்? மறுபடி அந்த நாற்காலி, அந்தச் சத்தமில்லாத பெட்டி. மறுநாள் காலை கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். அதற்கடுத்த நாளும். அப்படியே இலை உதிரும் காலம்வரை.

தேறியவர் தேறாதவராக நடிப்பது லேசான வேலை இல்லை. தோளைத் தொங்கப்போட்டு நடக்க வேண்டும். சிரிப்பு வந்தால் இருமலாக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், உண்மையாகவே நொந்து கிடந்த நாட்களைவிட அதிகமாக அலுத்துப்போயிருப்பார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, தேநீர் கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கத்து யார்க்‌ஷர்க்காரனைப் பட்டினி போட்டாலும் பொறுப்பான், தேநீர் இல்லாமல் பொறுப்பானா? ஒரு பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு வந்து ஆட்டுத் தொழுவத்தில் வைக்கோலுக்குள் ஒளித்தார். மூடியில் ஊற்றி மாட்டில்டாவுக்கும் கொஞ்சம் கொடுத்தார். அவள் வாயை அடைக்க வேண்டுமே.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த ஐலீனும் அப்போது பண்ணைக்கு வந்துகொண்டிருந்தாள். மகனைப் பறிகொடுத்ததிலிருந்து அவள் கைகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். புதன்கிழமைகளில் மாட்டில்டாவுக்கு உடம்பு தேய்த்துவிடுவது அவள் முறை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் கை நடுங்காது. ரெஜின் கோப்பை கவிழ்ந்தே கிடப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு புதன்கிழமை பிரஷ்ஷை அவர் கையில் திணித்தாள். “இந்தா. இனிமே என் முறைய நீ எடுத்துக்கோ.”

“எனக்கு எதுக்கு?”

“எனக்காவது நடுநடுவுல நல்ல நாள் வருது. உனக்கு அதுவும் இல்லயேப்பா. பேசாம எடுத்துக்கோ.”

வேண்டாம் என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். வாங்கிக்கொண்டார். அடுத்த புதனும் அவரே தேய்த்தார். ஐலீன் வேலிக்கு வெளியே, கைகளை அக்குளுக்குள் இறுக்கிச் செருகிக்கொண்டு, பார்த்தபடி நின்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதுகில் யாரோ மூட்டை ஏற்றியது போல இருந்தது.

மாட்டில்டாவுக்கு அதெல்லாம் எதற்கு? தேநீர் நேரம் தாண்டிவிட்டது. வைக்கோலைக் கிளறி, பிளாஸ்க்கின் வாரைப் பல்லால் கவ்வி, நேராக வேலிக்குப் போய் ஐலீனின் காலடியில் போட்டாள்.

ஐலீன் குனிந்து எடுத்தாள். மூடியைத் திருகி மோந்து பார்த்தாள்.

“சூடா இருக்கே. யாரோட டீ இது?”

ரெஜ் பிரஷ்ஷைப் பார்த்தார். “என்னுதுதான்.”

“எத்தன நாளா?”

“கோடையிலேருந்து.”

“அப்ப அந்தக் கோப்ப?”

அவர் பிரஷ்ஷில் ஒட்டிய ரோமத்தைப் பிடுங்கினார்.

“அடப் பாவி மனுசா! நீ செத்துகித்துப் போயிடுவியோன்னு ராத்திரி தூங்காம கெடந்தேன். நீ இங்க ஆட்டுகூடச் சேந்து டீ குடிச்சிட்டிருந்தியா?” சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. மூடியில் ஊற்றினாள். கை நடுங்கிப் பாதி சிந்தியது. மீதியைக் குடித்தாள். “சக்கரயும் போட மாட்டேங்கற. என் முறைய விட்டுக் குடுத்தது எனக்கு லேசுன்னு நெனச்சியா, ரெஜ்?”

“இல்ல.”

“பின்ன ஏன் வாங்கின?”

“வீட்டுக்குப் போகப் பயமா இருந்துச்சு.”

ஐலீன் பிளாஸ்க்கை மூடி அவரிடம் நீட்டினாள். பதிலுக்குக் கையை நீட்டி பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை எல்லோரும் பார்க்க, ரெஜ் தன் கோப்பையை நிமிர்த்தி வைத்தார். பெர்னி கெட்டிலோடு வந்தாள்.

“வந்துட்டியா, கண்ணு? நீ நிமித்துவேன்னு ரொம்ப நாளாக் காத்திருக்கேன்.”

“ஒனக்குத் தெரியுமா?”

“அந்த ஆட்டு வாயில டீ வாசன வந்தா எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“உன் கோப்பையில நான் கைய வைக்கக் கூடாதே.” தேநீரை ஊற்றினாள். “மாசக் கடைசியோட உன் எடம் இன்னொருத்தருக்குப் போவுது. அத மாத்த முடியாது. மேல் கேட் சாவி தரேன். சனிக்கிழம தொழுவம் கழுவ ஆள் இல்ல. வரணும்னா வா. டாக்டர் அனுப்புறவங்களுக்குத் தர்ற சாப்பாடு, வண்டி எதுவும் கெடையாது.”

கீழ் கேட் வழியாக வருகிறவர்கள் டாக்டர் அனுப்பியவர்கள். மேல் கேட் வழியாக வருகிறவர்கள் தாங்களாக வேலைக்கு வருகிறவர்கள். அந்தக் கேட்டுக்கு மலையேற்றம் போல ஒரு தெரு ஏற வேண்டும். ரெஜ் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தேநீர் ஆறும்வரை குடிக்கவில்லை.

இடம் போன பிறகு முதல் சனிக்கிழமை வந்தது. ரெஜ் அந்த ஏற்றத்தை நிற்காமல் ஏறினார். சாவி வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் திரும்பியது. வெயில் பளீரென்று அடித்தது. மாட்டில்டா ஓடி வந்து முன்னங்காலை மடித்து வணங்கினாள். பலகையில் ஐலீனின் கோப்பை நிமிர்ந்து, ஆவி பறக்க...

“ஏம்மா, கொஞ்சம் நிறுத்துங்க.” எதிர் பெஞ்சில் கேரட்டிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த ரெஜ்தான் நான் சொல்லிக்கொண்டிருந்த கதைக்குக் குறுக்கே பேசினார். “மழ கொட்டிட்டிருந்துச்சு. பூட்டு துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, சாவி உள்ளயே போவல. ஏறுன மேட்ட எறங்கி, சுத்திக்கிட்டு, கீழ் கேட் வழியாத்தான் வந்தேன். ஆடு திரும்பிக்கூடப் பாக்கல.”

“சரி, சரி. ஐலீன் கோப்பையாவது நிமிந்து இருந்துச்சா?”

“கவுந்துதான் இருந்துச்சு. இன்னிக்கும் கவுந்துதான் இருக்கு, போய்ப் பாருங்க. அன்னிக்கு நான் பேசல. தொழுவத்தக் கழுவினேன், அவ பக்கத்துல போய் உக்காந்தேன். அவ்வளவுதான்.”