மெஷினுக்கு நெற்றி எது?

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் வழக்கம்போல் மன்னித்துவிடுங்கள். ஆறாம் வகுப்போடு நின்ற ஆள் நான். ஸ்பேனர் பிடித்த அளவுக்குப் பேனா பிடித்ததில்லை. மறதி வேறு... போன வாரம் எழுதியதையே இந்த வாரமும் எழுதினால் யாராவது அதட்டுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை வீட்டில் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. குனிந்தால் நிமிராத முதுகு எனக்கு. அதனால் தானா ராத்தா டவுனிலிருந்து ரிப்பேர் ஆளைக் கூப்பிட்டேன். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் கேட்டார்: "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா ஆன்ட்டி?"

"எதுக்கு?"

"மெஷின் என்னா பண்ணுச்சின்னு கேக்கணும்லா."

"தண்ணி வெளிய தள்ற பம்ப்புல ஏதோ சிக்கிக்கிட்டிருக்கு. கரகரன்னு ரெண்டு நாளா சத்தம். கழட்டிப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே மோட்டாரைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் பம்ப்பைப் பார்த்தார். உள்ளே ஒரு ஊக்கு!

இது எனக்குப் புதிதா என்ன? இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் பார்த்தாயிற்று.

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் எங்கள் எஸ்டேட். தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்கத் தூசி, தும்மல். ஒருநாள் சல்லடை மெஷினின் பெல்ட் கழன்று தொங்கியது. ஆண்கள் எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். நான் பெல்ட்டை எடுத்து மாட்டி, தொய்வைச் சரிசெய்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். எஸ்டேட் மேனேஜர் துரை பார்த்துவிட்டார். "யார் செய்தது?" என்று கேட்டபோது பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவ்வளவு கூச்சம் எனக்கு.

துரை ஒளிந்தவளை விடவில்லை. "மூன்று மாதம் பிட்டருக்குக் கையாளாக இருக்கட்டும். சரிப்பட்டால் நிரந்தரம். இல்லையென்றால் திரும்பச் சலிக்கப் போகட்டும்" என்றார்.

மெஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டர், மாரியப்பண்ணன். நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர். ஆனால் ஒரு பெண்பிள்ளை கையில் ஸ்பேனரைக் கொடுக்கும்போது, கோயில் சாவியைக் கொடுப்பதுபோல் யோசித்துத்தான் கொடுப்பார்.

மூன்று மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது ஆயுத பூசை வந்தது. முந்தின நாள் மண்ணெண்ணெய் ஊற்றி அத்தனை மெஷினையும் துடைத்தது யார்? நான்தான். பூசை நேரத்தில் வாசலுக்கு வெளியே நின்றது யார்? அதுவும் நான்தான். என் வீட்டுக்காரர் தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாலி இல்லாதவள் பூசைக்குள் நிற்கக் கூடாதாம். துடைக்கலாமாம்!

மாரியப்பண்ணன் ஒவ்வொரு மெஷினுக்கும் பட்டை போட்டு, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டார். கொழுந்தைக் கசக்கி உருட்டும் ரோலருக்கு மட்டும் மூன்று கை. மூன்று கைக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்தார். சாமிக்கு நெற்றி எது என்று எல்லாருக்கும் தெரியும். மெஷினுக்கு நெற்றி எது? அது யாருக்குத் தெரியும்?

இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாள் காலை ரோலரை ஓட்டினார்கள். அரைமணி நேரம் ஆகியிருக்காது, தீய்ந்த வாடை வந்தது. பிறகு வீலென்று ஒரு சத்தம். நிறுத்தினார்கள்.

மேல்மாடியில் கொழுந்து வாடித் தயாராகக் கிடந்தது. சீக்கிரம் உருட்டாவிட்டால் எல்லாம் பாழ்.

ரோலர் ஓட்டுகிற ஆறுமுகம் என்னைப் பார்த்தார். "பொம்பள கை பட்டா மெஷின் தாங்குமா? அதுலயும்..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். முடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள்தான் என் மூன்று மாதத்தின் கடைசி நாள். சல்லடையும் தும்மலும் கண்ணுக்குள் வந்து நின்றன.

மாரியப்பண்ணன் பெல்ட்டைக் கழற்றினார். பல்சக்கரப் பெட்டியைத் திறந்தார். ஒன்றும் அகப்படவில்லை. நான் சும்மா இருக்கமுடியாமல் மெஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கும் சூடில்லை. மூன்று கைகளின் மூட்டில் மட்டும் சூடு... விரல் வைக்க முடியவில்லை.

"அண்ணே... பொட்டு."

"என்னாம்மா பொட்டு?"

"எண்ணெய் ஓட்டை மேல பொட்டு வெச்சிருக்கு அண்ணே."

அவர் பார்த்தார். வட்டமாக, மேலே, நடுவில்... நெற்றி மாதிரி அழகாகத்தான் இருந்தது அந்த ஓட்டை! மூடி எப்போதோ தொலைந்துபோனது. அதில் சந்தனம் வழிய அப்பியிருந்தது. இரண்டு நாளில் காய்ந்து கல்லாகியிருந்தது.

"காலைல எண்ணெய் ஊத்துனீங்களா அண்ணே?"

"ஊத்துனேன்மா..." குரல் இறங்கிவிட்டது. "பொட்டு கலையக் கூடாதேன்னு பக்கத்துல ஊத்துனேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அதற்குள் துரை வந்து, "அதைத் தோண்டி எடுங்கள், சீக்கிரம்!" என்றார். ஒருவரும் அசையவில்லை. பூசையில் வைத்த பொட்டு அதுவாக உதிரவேண்டும். கையால் அழித்தால் வீட்டுக்கு ஆகாது. ஆறுமுகம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வீட்டில் மனைவி, நாலு பிள்ளைகள். பயம் இருக்காதா?

"தள்ளுங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்! எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"நான் அழிக்கிறேன். என் பொட்டையே அழிச்சாச்சி. இனிமே என் வீட்டுக்கு வேற என்னா ஆகப்போகுது?"

கொண்டையிலிருந்து ஊசியை உருவி நோண்டினேன். மூன்று சந்தனக் கட்டியும் முழுசாக வந்தன. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, எண்ணெய் ஊற்றி, சூடு ஆறும்வரை காத்திருந்து, கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்த்தோம். பிறகு ஓட்டினோம். ஓடியது. கொழுந்தும் பிழைத்தது.

மாரியப்பண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, இத வெளிய சொல்லிடாத."

இத்தனை வருடம் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை. அங்கேயும் ஏதாவது மெஷினுக்குப் பட்டை போட்டுக்கொண்டிருப்பார். கோபித்துக்கொள்ள நேரம் இருக்காது.

அடுத்த வருட ஆயுத பூசைக்கு நான் பழையபடி வாசலில் நின்றேன். சந்தனக் கிண்ணத்தோடு அவரே வெளியே வந்தார். "உள்ள வா தங்கச்சி. எங்க வெக்கலாம்னு நீ காட்டு, நான் வெக்கிறேன்." ஆறுமுகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணுக்கு மெஷின் வேலை வருமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். மெஷினுக்கு ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது, தாலியும் தெரியாது. எண்ணெய் வந்ததா இல்லையா... அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நமக்குத்தான் தெரிகிறது.

அந்த மூன்று மாதம் முடிந்ததுமே வேலை நிரந்தரமானது. ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை. வேலைக்கு வந்தவர்களைப் பதிகிற செக்ரோல் புத்தகத்தில் பெண்கள் பக்கத்தில் 'பிட்டர்' என்று ஒரு இடமே கிடையாது. கணக்கெழுதுகிற கிராணி ஐயா தலையைச் சொறிந்தார். பிறகு என் பேரை ஆண்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டார். "ஒண்ணும் நெனச்சிக்காத பாக்கியம்" என்றார். நான் ஏன் நினைக்கப்போகிறேன்?

வருடக் கணக்கு, ரோலருக்கு மூன்று கைதானா, நான் பிட்டராக இருந்தது பதினோரு வருடமா பன்னிரண்டா, எதுவும் எனக்கு நிச்சயமில்லை. அந்தக் காலத்து பேக்டரி ஆட்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்து எழுதுங்கள். பழைய செக்ரோல் எங்கேயாவது கிடைத்தால் என் பேரையும் தேடிப் பாருங்கள். அத்தனை வருடம் ஆம்பளையாக இருந்திருக்கிறேன்... ஒரு சாட்சி வேண்டாமா?