பன்னிரண்டாவது பெட்டி

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னால் தரமாட்டேன். இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில், ஒரே குளியலறையை வைத்துக்கொண்டு அவரோடு மல்லுக்கட்டியவள் நான். நடந்ததைச் சொல் என்றால் மட்டும் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அவர் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து, போன வருஷம்தான் ஓய்வுபெற்றார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்தப் பஸ் எந்த நடைமேடையிலிருந்து புறப்படும் என்று காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை சொல்லிக்கொண்டே இருந்தார். தெருவில் அவருக்குப் பெயரே 'நடைமேடை அக்கா'தான். முப்பது வருஷத்தில் ஒரு ஆளைக்கூடத் தப்பான பஸ்ஸுக்கு அனுப்பியதில்லை என்று தலைகால் தெரியாத பெருமை. வீட்டிலும் அதே குரல். குளியலறை காலி என்பதைக்கூட அறிவிப்பாகத்தான் சொல்வார்.

நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறேன். பெயரைக் கூப்பிட்டுவிட்டு யார் எழுந்து வருகிறார்கள் என்று பார்ப்பது என் பிழைப்பு. ஆக, வீட்டில் கூப்பிடுகிறவர்கள் இரண்டு பேர், பதில் சொல்ல ஒரே ஒரு ஆள். என் கணவர் எந்த அறையில் இருந்தாலும், எதற்குக் கூப்பிட்டாலும், "என்ன" என்றோ "வரேன்" என்றோ சொல்லமாட்டார். தொண்டையை லேசாகச் செருமிவிட்டு, "இருக்கேன்" என்பார். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருப்பது தெரியாமலா கூப்பிடுகிறேன் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை மதியங்களில் நாத்தனார் பார்வையற்றோர் சங்கத்துக்குப் போய்ப் புத்தகம் படித்துக் கேசட்டில் பதிவுசெய்து தருவார். சங்கம் அதை நகலெடுத்து உறுப்பினர்களுக்கு அனுப்பும். அந்தப் பதிவு அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருக்கும். சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்த துணி. கதவைச் சாத்திவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. அவருக்கு ஒரு பிடிவாதம்: எந்தப் புத்தகத்தையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கமாட்டார். கேட்கிறவர்கள் எங்கே திடுக்கிடுகிறார்களோ அங்கேதான் தானும் திடுக்கிட வேண்டுமாம், இல்லாவிட்டால் குரல் நடிக்க ஆரம்பித்துவிடுமாம். ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று நானும் கேட்டேன். நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார்?

அப்படித்தான் அந்த அறிவியல் நாவலையும் எடுத்தார். படித்தவர்கள் எல்லாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய நாவல். வெகுதூரம் போகிற ஒரு விண்கப்பல். பதினொரு பெட்டிகளில் பதினொரு பேர் வருஷக்கணக்காகத் தூங்குகிறார்கள். விழித்திருப்பவன் காவல்காரன் ஒருவன்தான். தினமும் அவன் பெட்டி எண்களை வரிசையாகக் கூப்பிட வேண்டும், தூக்கத்திலேயே ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் பதினொன்று முடிந்தபிறகும் ஒரு பதில் வருகிறது. பன்னிரண்டாவது பெட்டியிலிருந்து. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே யாரும் இல்லை.

அந்த இடத்தைப் படித்த அன்று, அக்காவைக் கூட்டிப்போக என் கணவர் வந்து அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினொரு பதிலையும் தானே சொல்லிக் களைத்துப்போன நாத்தனார், பன்னிரண்டாவதுக்கு மைக்கைத் தம்பி பக்கம் நீட்டினார். அவருக்குச் சொல்லித் தரவா வேண்டும்? செருமிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இருக்கேன்" என்றாராம். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று என் கணவர் போனார். அவர் மேலே போனதைக் காவலாளி பார்த்தார். இறங்கி வந்ததை யாரும் பார்க்கவில்லை. அவருடைய கருவிப்பெட்டி லிஃப்ட் கூண்டின் கூரைமேல் மூடி திறந்து கிடந்தது. லிஃப்ட் குழியில் தேடினார்கள், தண்ணீர்த் தொட்டியில் தேடினார்கள், பக்கத்துக் கட்டடங்களையும் விட்டுவைக்கவில்லை. அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாயிற்று, இன்றுவரை ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் பதிவாகாமல் நின்றிருந்தது. இரண்டு வாரம் கழித்து நாத்தனார் தனியாகப் போய் உட்கார்ந்தார். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, காவல்காரனுக்கு வயதாகி, காலியாக இருந்த பன்னிரண்டாவது பெட்டியில் அவனே படுத்துக்கொள்கிறான். புதிய காவல்காரன் வந்து "பன்னிரண்டு" என்று கூப்பிடுகிறான், பழையவன் "இருக்கேன்" என்கிறான். முன்பு அவன் கேட்டது, பின்னால் தான் சொல்லப்போகும் பதிலைத்தான். காவல்காரனுக்குக் குரல் கொடுத்தவர் நாத்தனார், ஆக அந்தப் பதிலும் முதலிலிருந்தே அவருடைய குரலாக இருந்திருக்க வேண்டும். முன்னாலேயே படிக்காத பாவத்துக்கு அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்.

"பன்னிரண்டு" என்று படித்தவருக்குப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு வந்து சேர்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டார். பிறகு சேர்க்கவே இல்லை. ஐந்து எண்ணும் அளவுக்கு வெற்று நாடாவோடு கேசட் போய்விட்டது. என்னிடம் இதை ஒரே ஒருமுறை சொன்னார். "என் தம்பியை நான்தான் அந்தப் பெட்டியில படுக்க வெச்சுட்டேன்" என்றார். நானாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். உளறாதீர்கள் என்று கத்திவிட்டு எழுந்து போனேன். அவர் அந்தக் கேசட்டைத் திரும்பக் கேட்டதில்லை. நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நடுவில் ஓட்டை இருக்கிறதே என்று ஏதாவது ஒரு உறுப்பினர் குறை சொல்வார் என நாத்தனார் வருஷக்கணக்காகக் காத்திருந்தார். நாவலைப் பாராட்டிக் கடிதம் வந்ததே தவிர, ஒருத்தரும் அந்த ஓட்டையைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏழு வருஷம் காணாமல் போனவரை இறந்தவராகக் கருதலாம் என்று ஒரு படிவம் இருக்கிறது. வீடு என் கணவர் பெயரில் இருக்கிறது, கூரை ஒழுகுகிறது, எதைத் தொட்டாலும் அவர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். மனைவியும் உடன்பிறந்தவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டுப் பன்னிரண்டு வருஷம். நாத்தனார் அசைந்து கொடுக்கவில்லை. அவன் இருக்கிறான் என்று ஒரே பேச்சு. போனவர் போய்விட்டார், நீங்கள் ஏன் என்னை இப்படி நடுவில் தொங்கவிடுகிறீர்கள் என்று நான் போடாத சண்டை இல்லை. அந்தக் காகிதம் அலமாரியில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் அந்த நாவல் படமாக வந்தது. வெளியாவதற்கு முந்தைய வாரம், படக் கம்பெனி சங்கத்துக்குத் தனிக்காட்சி போட்டது. திரையில் நடப்பதை விவரித்துச் சொல்லும் ஒலியோடு, காலை பத்து மணிக்கு. முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு நாவலின் விசிறிகள் இணையத்தில் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது குரல் காவல்காரனுடையது இல்லையே, கதையையே கெடுத்துவிட்டார்களே என்று. அதனால் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. நாவலைப் பல வருஷம் காதால் கேட்ட சங்கம் பார்த்து, படம் புத்தகத்துக்கு உண்மையாக இருக்கிறது என்று எழுதித் தந்தால் அப்படியே விடுவார்கள். தப்பு என்றால் அந்தக் குரலை மாற்றிவிடுவார்கள். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைச் சங்கத்தின் செயலாளர் நாத்தனாரிடம் கொடுத்தார். அவருக்கு முழங்கால் வலி என்பதால், துணைக்கு நான் போனேன்.

படம் நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் என்றால் பளபளவென்று காட்டாமல், பழைய கட்டடத்தின் படிக்கட்டு மாதிரி மங்கலாக வைத்திருந்தார்கள். காவல்காரன் கூப்பிட்டான். ஒன்று, இரண்டு என்று பதினொன்று வரை பதில் வந்தது. பிறகு ஒரு செருமல். அதற்குப் பின் என் கணவர், "இருக்கேன்" என்றார்.

கேசட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று புத்தி சொல்கிறது, உடம்பு கேட்கவில்லை. நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதோம், அதில் எனக்கு வெட்கமில்லை. பத்தொன்பது வருஷம் கழித்து அந்தச் சிரிப்பை அடக்கிய குரலைக் கேட்டதில் நான் சந்தோஷமாகத்தான் அழுதேன்.

கடைசிக் காட்சியில் புதிய காவல்காரன் வந்தான். "பன்னிரண்டு" என்றான். நாத்தனாரின் உதடுகள் எண்ணத் தொடங்கியதை நான் பார்த்தேன். மூன்று வரை எண்ணியிருப்பார். செருமல் கேட்டது. "இருக்கேன்" என்று வந்தது.

முதலில் கேட்டது இல்லை இது. இதில் சிரிப்பு இல்லை. மாடி மாடியாக ஏறி வந்தவரின் மூச்சு இருந்தது. வேலை முடித்து வந்து, நான் கதவைத் திறக்கும்வரை வெளியே நின்று சொல்வாரே, அந்தக் குரல். அவரோடு ஆறு வருஷம் வாழ்ந்தவள் நான், எனக்கா தெரியாது?

விளக்கு வந்ததும் இயக்குநர் வந்து நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அம்மாவுக்குப் பார்வை கிடையாதாம். அம்மா போட்டுக் கேட்ட கேசட்டில்தான் இந்தக் கதையே அவருக்குத் தெரியுமாம். பிறகு புத்தகத்தைப் படித்தபோது, புத்தகத்தில்தான் ஏதோ தவறு இருக்கிறது என்று நினைத்தாராம். அந்தக் குரலுக்கு வேறு யாரையும் பேசவைக்க மனம் வராமல் கேசட்டிலிருந்தே எடுத்ததாகச் சொன்னார்.

"முதல் இடம் சரி. கடைசி இடத்துக்கு எங்க இருந்து எடுத்தீங்க?" என்று நாத்தனார் கேட்டார்.

"அதுவும் அதே கேசட்தான் மேடம். கடைசி அத்தியாயத்துலயே இருக்கே."

"அங்க நான் எதுவும் சொல்லலை. அப்ப அந்த ரூம்ல என்னைத் தவிர யாருமே கிடையாது."

பக்கத்தில் இருந்த செயலாளர், "எங்க கேசட்லயும் அப்படித்தானேக்கா இருக்கு? எத்தனை வருஷமா கேக்கறோம்" என்றார். பின்வரிசையிலிருந்தும் நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். ஒரு அம்மா, அந்த இடத்தில் ஆள் கொஞ்சம் மூச்சு வாங்குவாரே என்று சாதாரணமாகச் சொன்னார். ஏன் ஒருத்தரும் ஓட்டையைப் பற்றிக் குறை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

நாத்தனார் எழுந்து நின்றார். பேருந்து நிலையத்துக் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்பைச் சொன்னார்.

"படம் தப்பு. புத்தகத்துல அந்தக் குரல் காவக்காரனோடது. நான் படிச்சுப் பாக்காம செஞ்ச தப்பைத்தான் நீங்க எல்லாரும் கதைன்னு நம்பிட்டிருக்கீங்க. அதை எடுத்துடுங்க. ஒவ்வொரு காட்சிக்கும் கூப்பிட்டு கூப்பிட்டு அவனை எழுப்பாதீங்க."

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாலு ஊர் ஜனம் கேட்கிற மாதிரி என் புருஷன் இருக்கேன் என்கிறார், அதை வேண்டாம் என்று எழுதித் தர இவர் யார்? வெளியே வந்து ஒரு பிடி பிடித்துவிட்டேன். இயக்குநர் பின்னாலேயே ஓடிவந்து, தன் அம்மாவின் கேசட்டை நாத்தனாரிடம் நீட்டினார். அவர் கையை நீட்டவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் நேராக அலமாரியைத் திறந்தார். மஞ்சள் காகிதத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"அவன் போயி ரெண்டு வாரம் கழிச்சு அந்த ரூமுக்குள்ள வந்து பதில் சொல்லியிருக்கான். உசிரோட இருக்கறவன் அப்படி வரமாட்டான். இத்தனை வருஷம் உன்னைப் படுத்திட்டேன். போய்க் குடுத்துடு" என்றார்.

பன்னிரண்டு வருஷமாக நான் கெஞ்சிய கையெழுத்து. மறுநாள் காலை கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் அலுவலகக் கவுன்டரில் நின்றேன். உள்ளே இருந்த பெண்மணி காகிதத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சரிபார்ப்பதற்காக என் கணவரின் முழுப் பெயரையும் சத்தமாக வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

யாராவது பெயர் கூப்பிட்டால் பதில் வரும்வரை காத்திருப்பது என் தொழில் பழக்கம். நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒன்று. இரண்டு. எனக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று. பதில் வந்துவிடுமோ என்று பயந்தேனா, வராமல் போய்விடுமோ என்று பயந்தேனா, சத்தியமாக எனக்குத் தெரியாது. நான்கு எண்ணுவதற்குள் காகிதத்தை அந்தம்மாவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நாத்தனார் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். கவுன்டரை மூடிவிட்டார்கள், நாளைக்குப் போகிறேன் என்றேன்.

படம் வந்து, ஓடி, தியேட்டரை விட்டும் போய்விட்டது. குரலை மாற்றிவிட்டார்கள். கேசட் என் கைப்பையில் இருக்கிறது, அதைப் போட்டுக் கேட்க வீட்டில் மெஷின் இல்லை, வாங்கவும் மாட்டேன். நாலு மாதமாக நாத்தனார் தினமும் கேட்கிறார். தினமும் கவுன்டர் மூடித்தான் இருக்கிறது.