தங்கராசு சார் ஒட்டிய ரோமானியக் குவளை

கண்ணாடிப் பேழைக்குள் விளக்கின் சாய்வைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. "தங்கராசு சார் காலையில போயிட்டாரு. ஹார்ட் அட்டாக்" என்றார் அலுவலக நண்பர். பேழைக்குள் இருந்தது அவர் ஒட்டிய குவளை.

அமீரகத்தில் நாங்கள் பணிபுரிந்த அருங்காட்சியகத்தில், உடைந்த பழம்பொருள்களைச் சீர்செய்யும் பிரிவின் தலைவர் அவர். நான் காட்சிக்கூடங்களுக்கு விளக்கு அமைப்பவன். இருவரும் தமிழர் என்பதால் மதியச் சாப்பாடு ஒன்றாகவே நடக்கும்.

ரோமானியர் காலத்தில் வாயால் ஊதிச் செய்த வெளிர்பச்சைக் குவளை அது. வளைகுடாக் கரையில் மண்ணுக்கடியில் கிடைத்து, துண்டுகளாக வந்து சேர்ந்தது. ஒட்டி முடிப்பதற்குள் ஒரு கோடையே போய்விட்டது. யாராவது அவசரப்படுத்தினால், "யல்லா யல்லான்னா கண்ணாடி ஒட்டாது பாய்" என்று தமிழிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்.

விளக்கப் பலகை எழுத உட்கார்ந்த அன்று சொன்னார்: "இதுல ரோமாபுரிக்காரன் வாய் வச்சானா, ஒட்டகக்காரன் வச்சானா, கப்பல்ல வந்த நம்மாளு வச்சானா, யாருக்குத் தெரியும்? நல்லவேளை, எச்சிலுக்கு இங்கிலீஷ்ல சரியான வார்த்தை இல்ல. தப்பிச்சோம்."

வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

குவளை காட்சிக்கு வந்த மகிழ்ச்சியில் அவரை வீட்டுக்கு அழைத்தேன். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், "கடலூர்ப் பக்கமா? ஊர்ல எந்தத் தெரு?" என்று விசாரித்தார்.

"தெரு இல்லம்மா, காலனி" என்றார் அவர், சாதாரணமாக.

காப்பி வந்தது. எங்களுக்கு டபரா டம்ளரில். அவருக்கு மட்டும் காகிதக் கப்பில். என் மனைவி தரையைப் பார்த்தாள். நான் ஏசி ரிமோட்டைத் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது. அவர் நிதானமாகக் குடித்துவிட்டு, "காப்பி நல்லாருக்கும்மா" என்று சொல்லிக் கப்பைத் தாமே குப்பைக்கூடையில் போட்டார்.

மறுநாள் மதியம் வழக்கம்போல் தம் மீன்குழம்பை என் தட்டில் ஊற்றினார். முந்தைய நாள் நடந்ததை அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் மௌனத்தை நாகரிகம் என்று எண்ணிக்கொண்டேன். அது வெறும் கோழைத்தனம். அதன்பிறகு எத்தனை முறை அழைத்தும் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். வந்தவர்களுக்கெல்லாம் அக்கம்பக்கத்தார் கண்ணாடி டம்ளரில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நீட்டியபோது அவர் துணைவியார் தடுத்தார்.

"அண்ணனுக்கு டம்ளர் வேணாம். பேப்பர் கப்பு இருக்கும் பாருங்க, அதுல குடுங்க. அவங்க வீட்டுல சுத்தம் பாப்பாங்க, யாரு வந்தாலும் பேப்பர் கப்புதான்னு அவரு சொல்லியிருக்காரு."

கட்டிய மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார்.

அந்தத் தேநீரைக் குடித்தேன். குடித்த கப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் பிடித்தபடியே அவர் படத்தின் முன்னால் நின்றேன்.

தங்கச்சி, அவர் உங்களிடம் சொன்னது பொய். எங்கள் வீட்டில் அந்தக் கப் அவர் ஒருவருக்கு மட்டும்தான் கொடுக்கப்பட்டது. நேற்றும் என்னால் வாய் திறக்க முடியவில்லை. நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் இந்த அஞ்சலிக் குறிப்பில் எழுதுகிறேன்.

போய் வாருங்கள், சார்.